கேப்டன் வீட்டு மராமத்து

கேப்டனைக் கேப்டன் என்று கூப்பிடுகிற யாரும் அவர் ஓட்டிய விமானத்தில் ஏறியதில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷமாக ஆஸ்பத்திரி, துணிக்கடை, அடுக்குமாடி என்று போய், லிப்ட் பெட்டியின் தலைமேல் குந்தி, கிரீசும் டார்ச்சுமாக இருட்டுக் குழிக்குள் ஏறி இறங்குவதுதான் உத்தியோகம். அப்படிப்பட்ட மனிதர் வீட்டு ஷெட்டில் சொந்தக் கையால் ஒரு விமானம் கட்டுகிறார் என்று தெரிந்த அன்றைக்கே சக மெக்கானிக்குகள் பட்டம் கட்டிவிட்டார்கள். பட்டம் கட்டியவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போயாயிற்று. விமானம் மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்கு இடம் கொடுத்த பாவத்துக்குக் கார் பதினாலு வருஷமாகத் தெருவில் நனைந்துகொண்டிருந்தது.

நம்பாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானத்தைத் தானே கட்டிப் பறக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வரைபடம் தபாலில் வரும். அலுமினியத் தகடு வாங்கி, வெட்டி, வளைத்து, ஆயிரக்கணக்கில் ரிவெட் ஆணி அடித்து இணைக்க வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு: இறக்கையோ வாலோ, எதையும் தகடு போட்டு மூடுவதற்கு முன்னால் ஆய்வாளர் வந்து உள்ளே எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கோளாறு மேலே போனபிறகுதான் தெரியவரும், அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? கேப்டனுக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப் போனது. பிடித்ததை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கட்டிய வீட்டை ரிப்பேர் பண்ணிப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். விமானத்தின் வால் முடிந்து இடது இறக்கை தொடங்கிய மாதம், குளியலறைச் சுவரில் ஈரம் பூத்தது. ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதைதான். உள்ளே குழாய் துருவேறி, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. வேறு யாராவது என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு வாரத்தில் முடித்திருப்பார்கள். கேப்டனுக்குப் பிளம்பர்கள் என்றாலே ஆகாது. தானே செய்தார், அதுவும் விமானத்துக்குச் செய்வது போலவே செய்தார். ஒவ்வொரு நட்டையும் முறுக்கு அளக்கும் ஸ்பானரால் முறுக்கி, நட்டுக்கும் குழாய்க்கும் சேர்த்துக் குறுக்கே சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். நட்டு மயிரிழை அசைந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் முடிந்து சுவரை மூடுவதற்கு முன்னால் மனைவியைக் கூப்பிட்டார்.

"வா, வந்து பாரு. மூடப் போறேன்."

"நான் என்னத்தப் பாக்கறது? நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

"செஞ்சவனே சரின்னு சொல்லக்கூடாது. இன்னொரு கண்ணு வேணும்."

அவள் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீசியன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் குனிந்து பார்க்க வேண்டுமா என்று முதலில் அலுப்பாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். ஒருமுறை சமையலறைச் சுவருக்குள் ஒரு நட்டுக்குக் கோடு போடாமல் விட்டதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

குளியலறை பத்து மாதம் தின்றது. அது முடிந்து இறக்கையில் கை வைத்தால், சமையலறை அலமாரி உயரம் சரியில்லை, கை எட்டவில்லை. அலமாரி முடிந்தால் ஜன்னல். ஜன்னல் முடிந்தால் படிக்கட்டு வழுக்குகிறது. எதிர்வீட்டு வாத்தியார் காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போதெல்லாம், "என்ன கேப்டன், எப்ப டேக் ஆஃப்?" என்பார். "படிக்கட்டு முடியட்டும் சார்" என்பார் இவர், கையில் சிமென்ட் பூசும் கரணையோடு. இவர் படியேறிப் பறக்கப் போகிறாரோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு வாத்தியார் உள்ளே போவார்.

இத்தனைக்கும் நடுவில் கேப்டன் பறக்கவும் படித்தார். நகரத்துக்கு வெளியே புல்தரை ஓடுபாதையோடு ஒரு பறக்கும் கிளப் இருந்தது. அங்கே ஆசிரியையாக இருந்த பெண்மணி, அதட்டலான குரலும் முட்டிவரை சேறுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்குச் சொல்லிக்கொடுத்து உரிமமும் வாங்க வைத்துவிட்டார். எஞ்சின் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. வலது இறக்கைக்கு மேல்தகடு போட்டால் முக்கால்வாசி தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி இது. ஒருநாள் மதியம் மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டே, மாடியில் ஒரு ரூம் போட்டால் என்ன என்று கேட்டாள்.

"வலது இறக்கைய மூடிட்டுப் பாப்போமே" என்றார்.

"இறக்கை எங்க ஓடிப் போகுது? பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா ஹால்ல படுக்கணுமா?"

நியாயமான கேள்விதான். மாடி ரூமுக்கு மூன்று வருஷம் ஆனது. அதன் சுவரில் ஆணி அடித்தால் சுவர் ஆணியைத் திருப்பி அனுப்பும், அப்படி ஒரு பூச்சு. மகள் அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் மேலே புழுக்கமாக இருக்கிறது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து ஹாலில் படுத்தாள்.

ரூம் முடிந்தபிறகு தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பிறகு சுற்றுச்சுவர். சுற்றுச்சுவரும் ஒருவழியாக முடிந்த சமயத்தில் கேப்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. விமானம் ஓட்டுகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். போன தடவைகளில் டாக்டர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு, வந்த காகிதத்தைப் பார்த்தார். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"துடிப்பு நடுநடுவுல தப்புது. பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திர போடுங்க, நடங்க, வேலைக்குப் போங்க. ஆனா தனியா மேல போறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அடுத்த வருஷம் வந்தா?"

"அடுத்த வருஷமும் இதத்தான் சொல்வேன். வேற யார்கிட்ட போனாலும் இதத்தான் சொல்வாங்க. ஆசைய வச்சுக்கிட்டு இருக்காதீங்க மனசுல."

கேப்டன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேரே ஒரு துணிக்கடைக்குப் போனார். மூன்றாவது மாடியில் லிப்ட் கதவு பாதி மூடி நின்றுவிட்டதாம். கதவு உருளையை மாற்றினார். நாலு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்தார். வருத்தம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

வீட்டில் சொல்லவில்லை. மாத்திரையை ஷெட்டில் ரிவெட் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் என்று அவருக்கே தெரியும். ஆனால் ஒரு கணக்கு இருந்தது. விமானம் முடியாதவரைக்கும், நீ ஏன் பறக்கவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை. முடிந்த அன்றைக்குத்தான் கேள்வி வரும். இத்தனை வருஷமாக வீடு அவருக்குக் குறுக்கே நின்றது. இனிமேல் கொஞ்சம் தயவுபண்ணி அப்படியே நின்றுகொண்டிருந்தால் போதும், ஓய்வு பெற்று, கிழவராகி, பாவம் கடைசிவரை முடியவில்லை என்ற பேரோடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

நாலு நாள்கூட ஆகவில்லை. மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, இனிமே வீட்ல ஒரு வேலையும் கிடையாது. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க ப்ளேன முடிங்க."

"திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்ல. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. போதும், முடிங்க."

விதி சிரிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இப்படியா பல்லைக் காட்டும். கேப்டன் தலையாட்டிவிட்டு ஷெட்டுக்குள் போய் வலது இறக்கைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ரிவெட்டும் அடிக்கவில்லை. மறுநாள் குளியலறைக் கதவு உப்பியிருப்பதாகச் சொன்னார். அவள் போய்த் திறந்து மூடிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். ஹால் தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதோ என்றார். ஒரு கோலிக்குண்டை உருட்டிக் காட்டினாள், அது நடுஹாலில் நின்றது. தான் அத்தனை ஒழுங்காக வேலை செய்துவைத்ததை அன்றைக்குத்தான் அவர் நொந்துகொண்டார். அந்த வீட்டில் கெட்டுப்போகக்கூடிய பொருள் ஒன்றுகூட பாக்கியில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து, ஒரு நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டார். சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. வாளியை வைத்தார். அவள் பையோடு உள்ளே வந்ததும் சொன்னார்.

"கசியுது பாரு. இது இதோட நிக்காது, சுவத்துக்குள்ள போற குழாய் மொத்தத்தையும் மாத்தணும். ஆறு மாசமாவது ஆகும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். யாரும் சொல்லாமலே டார்ச்சை எடுத்தாள். இத்தனை வருஷத்துப் பழக்கம். தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தாள். சேலைத் தலைப்பு நனைந்தது.

"ஏங்க."

"ம்."

"கோடு ஒடஞ்சிருக்கு. நட்டுல இருக்கற பாதி ஒரு பக்கம், குழாயில இருக்கற பாதி ஒரு பக்கம். ஒரு வெரக்கடை தள்ளி நிக்குது."

"பழசாயிருக்கும்."

"பழசானா மங்கும், வெடிக்கும். இப்படித் திரும்பி நிக்காது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். "இது தானா கழண்டதில்ல. யாரோ திருப்பியிருக்காங்க. வீட்ல நாம ரெண்டு பேருதான். நான் திருப்பல."

தான் போட்ட விதியில் தானே மாட்டிக்கொண்ட மனிதருக்கு எந்தப் பொய்யும் கைவசம் இல்லை. வேறு வீடாக இருந்தால் யார் கண்டிருக்கப் போகிறார்கள். கேப்டனும் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"டாக்டர் கையெழுத்துப் போடல" என்றார். "இனிமே நான் ஓட்டக் கூடாதாம். எப்பவுமே."

"அப்பாடா" என்றாள் அவள்.

யோசித்துச் சொன்னதில்லை. சுமையை இறக்கி வைக்கிறவர்களுக்கு வருவது போல வந்துவிட்டது. முதுகு தானாக அலமாரியில் சாய்ந்தது, நெற்றிச் சுருக்கம் விட்டுப் போனது. அந்த ஒரு கணம் கேப்டன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த முகத்தில் ஒரு பயம் குடியிருந்தது அவருக்குத் தெரியாது. இப்போது அது போனபிறகுதான் இருந்ததே தெரிந்தது.

மறுகணமே அவள் நிமிர்ந்தாள்.

"ஏன் போடல? என்ன சொன்னாரு?"

"துடிப்பு தப்புதாம். மாத்திர குடுத்திருக்காரு. வேற ஒண்ணுமில்ல."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. முழுதாக ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு, இன்னொரு நிமிஷமும் எண்ணினாள். கையை விடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. கேப்டன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் மனசு வேறு இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாடி ரூம்" என்றார்.

அவள் தலைகுனிந்து நனைந்த தலைப்பைப் பார்த்தாள்.

"பொண்ணு கேக்கலதானே?"

"இல்ல."

"அலமாரி?"

"எட்டாமத்தான் இருந்துச்சு. ஆனா ஸ்டூல் இருந்துச்சே" என்றாள். "பாத்ரூம் நெஜம். ஜன்னல் பாதி நெஜம். மத்ததெல்லாம்... நீங்க இறக்கைய மூடப் போறேன், மூடப் போறேன்னு சொல்ற போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கும். போகாதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா? கேட்டாலும் உள்ள வச்சுக்கிட்டே இருப்பீங்க. அதான் வேலை சொன்னேன். வேலை சொன்னா நீங்க செய்வீங்க."

"இப்ப எதுக்கு முடிக்கச் சொன்ன?"

"ரூம்ல யாருமே படுக்கல. தெனமும் பெருக்கறேன், காலியாவே கெடக்கு. ஒரு மனுஷன் ஆசைய எடுத்து இப்படிக் கட்டி வச்சிருக்கோமேன்னு இருந்துச்சு."

அப்போதெல்லாம் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மாடி ரூமுக்குப் போன அந்த மூன்று வருஷத்தில் முடித்திருக்கலாம். பறந்திருக்கலாம். ஒருமுறையாவது. இதெல்லாம் கேப்டனுக்குத் தெளிவாகத் தெரிந்தது, வரைபடம் போலத் தெரிந்தது. கோபம் வரும், எழுந்து நின்று இரண்டு வார்த்தை கத்துவோம் என்று உட்கார்ந்திருந்தார். வரவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டால் தேவலை என்று அவளுக்கும் இருந்திருக்க வேண்டும், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், வாளி நிரம்புது என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார்.

அதன்பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டையும் இல்லை. கேப்டன் விமானத்தை முடித்தார். மூடாமல் கிடக்கும் வேலை அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்காததால் சாயங்காலமெல்லாம் ஷெட்டிலேயே கழிந்தது. ஆய்வாளர் வந்தார், வலது இறக்கைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தகடு மூடியாயிற்று. எஞ்சின் ஏறியது. எல்லாம் சேர்ந்து நாலு மாதம். பதினாலு வருஷத்தில் பாக்கி இருந்தது நாலு மாத வேலை. வாத்தியாருக்குத்தான் வாய் மூடவில்லை, லாரியில் இறக்கைகளை ஏற்றும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கேப்டன் கெளம்பிட்டாரு" என்றார்.

முதல் ஓட்டத்தைப் பறக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஓட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். கிளப்பில் புல் வெட்டி வைத்திருந்தார்கள். காலை வெயில். கேப்டன் ஒவ்வொரு நட்டாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி ஆசிரியைக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டு, கண்ணாடி மூடியைச் சாத்தினார். லிப்ட் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மனைவி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

விமானம் ஓடியது, ஒரு தரம் குதித்தது, பிறகு தரையை விட்டுவிட்டது. கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கேப்டனின் முதுகில் அறைந்தார். மரங்களுக்கு மேலே அது இடதுபுறம் சாய்ந்து திரும்பியது, வயிற்றுத் தகடு ஒருமுறை வெயிலில் பளிச்சென்றது. தான் அடித்த ஒவ்வொரு ரிவெட்டும் அங்கே இருக்கிறது என்று கேப்டன் நினைத்துப் பார்த்தார். சாவியைத் தேடுவது போல உள்ளுக்குள் சந்தோஷத்தைத் தேடினார். இந்தப் பையிலும் இல்லை, அந்தப் பையிலும் இல்லை.

போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். அவள் மேலே பார்த்துக்கொண்டே இரண்டு சுளையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பதினாலு வருஷம் அவளைப் பயமுறுத்தியது இதுதான், இந்தச் சத்தம்தான், இந்த உயரம்தான்.

"பயமா இல்லையா?" என்றார்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை போலத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கென்ன பயம். நீங்கதான் இங்க நிக்கறீங்களே."

கேப்டன் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பா இனிப்பா என்று தெரியவில்லை. விமானம் இன்னொரு வட்டம் அடித்தது. அவள் அடுத்த பழத்தை உரிக்க ஆரம்பித்தாள்.